முதற் பங்களிப்பு: பெயர்ப் பதிவா, உழைப்பா? — ஊவாத் தோட்டப்புற மாணவரும் திறந்த மூல மென்பொருளும்

1

அண்மைக் காலத்திலே கணினித்துறை மாணவர் மத்தியிற் பெருவழக்குப் பெற்றுள்ள சொற்றொடர்களுள் ‘முதற் பங்களிப்பு’ என்பதும் ஒன்றாகும். மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருடன் பகிரவும் உரிமையளித்து வெளியிடப்படும் மென்பொருளே திறந்த மூல மென்பொருள் எனப்படும். அத்தகைய மென்பொருளொன்றிற் குறையொன்றைக் கண்டு, திருத்தம் செய்து, அதனைப் பராமரிப்பாளருக்கு அனுப்பி, அவர் சோதித்து ஏற்றுக்கொள்ளும்போது ஒருவரது முதற் பங்களிப்பு நிறைவேறுகின்றது. 1983ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இவ்வாறு ஒருவர் பின் ஒருவராய் வந்து கைகொடுத்தோரின் உழைப்பினாலேயே வளர்ந்தன.

ஆயின், இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இச்சொற்றொடர் வழங்கும் பொருள் வேறாகிவிட்டது. தொழில் விண்ணப்பத்தை அணிசெய்யும் ஒரு வரியாகவும், கிட்ஹப் பக்கத்திலே பச்சைக் கட்டங்களை நிரப்பும் ஒரு வித்தையாகவும் அது சுருங்கி வருகின்றது. இப்போக்கினையும், இதனோடு சேர்ந்து வளர்ந்துள்ள இன்னொரு கருத்தினையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வின்னொரு கருத்து யாதெனில், பதுளையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் தோட்டத்து லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்து சேரும் மாணவரிடம் உலக மென்பொருளுக்குக் கொடுப்பதற்கு எதுவுமில்லை, அவர்கள் பெறவேண்டியவர்களேயன்றித் தரக்கூடியவர்கள் அல்லர் என்பதாகும்.

இவ்விரு கருத்துகளும் வெவ்வேறானவை போலத் தோன்றினும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தன்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று நம்பவைக்கப்பட்டவரே தம் பெயரை மாத்திரம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

2

பெயர் பதிதலே பங்களிப்பு என்னும் கருத்தின் விளைவை உலகம் ஏற்கெனவே கண்டுவிட்டது. டிஜிற்றல் ஓஷன் என்னும் அமெரிக்க நிறுவனம் 2014ஆம் ஆண்டிலே ‘ஹக்டோபர்பெஸ்ற்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. ஒக்டோபர் மாதத்திற் குறித்த எண்ணிக்கையான இணைப்புக் கோரிக்கைகளை அனுப்புவோருக்குச் சட்டையொன்று பரிசாகக் கிடைக்கும் என்பது விதி. புதியவர்களை ஊக்குவிக்கும் நோக்கம் நன்றே. ஆயின் 2020ஆம் ஆண்டு ஒக்டோபரின் முதல் நாள்களிலேயே பொருளற்ற கோரிக்கைகள் வெள்ளமெனப் பாய்ந்தன. அறிமுகக் கோப்பிலே ‘சிறந்த’ என்னும் பொருள்படும் ஒரு சொல்லைச் செருகியோரும், நிறுத்தக்குறியொன்றை மாற்றியோரும், வெற்றிடமொன்றைக் கூட்டியோரும் ஆயிரமாயிரமாய்த் தோன்றினர். ஊதியமின்றி இரவில் விழித்திருந்து மென்பொருளைப் பேணிய பராமரிப்பாளர்கள் இக்குப்பையை ஒவ்வொன்றாய்த் திறந்து மூடவேண்டியதாயிற்று. சில நாள்களுக்குள் அந்நிறுவனம் விதியை மாற்றி, தாமே விரும்பி இணைந்துகொள்ளும் திட்டங்களுக்கு மாத்திரம் அவ்வியக்கத்தை வரையறுத்தது. 2023ஆம் ஆண்டிலே சட்டைப் பரிசும் கைவிடப்பட்டது.

பாடம் அத்துடன் முடிந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் புகழ்பெற்ற நிரலகம் இதே துன்பத்துக்கு உள்ளாயிற்று. இணைப்புக் கோரிக்கை அனுப்பும் முறையை விளக்கிய கற்பித்தற் காணொளியொன்று அந்நிரலகத்தை எடுத்துக்காட்டாகக் காட்டியதன் பயனாக, அதன் அறிமுகக் கோப்பிலே தத்தம் பெயரைச் சேர்க்குமாறு மாணவர் கூட்டம் கூட்டமாய்க் கோரிக்கை விடுத்தனர். இவர்களுட் பெரும்பாலோர் தீய நோக்கமுடையோர் அல்லர். ஆசிரியர் காட்டிய வழியிற் சென்றவர்கள். பிழை, பெயரைச் சேர்த்தலே பங்களிப்பென்று கற்பித்த கல்வியினுடையது. பெயர் சேர்த்துப் பழகுவதற்கென்றே தனிக் களஞ்சியங்கள் உள. அங்கே பழகுதல் குற்றமன்று. பிறர் உழுது பயிரிட்ட வயலிலே நடை பழகுவதுதான் குற்றம்.

பராமரிப்பாளரின் நேரம் எத்துணை அரியது என்பதை அதே 2024ஆம் ஆண்டின் மார்ச் மாத இறுதியில் வெளிப்பட்ட எக்ஸ்-இசற் விவகாரம் உணர்த்தியது. உலகின் எண்ணற்ற கணினிகளில் இயங்கும் ஒரு சுருக்க நிரலை ஏறத்தாழ ஒருவரே சம்பளமின்றிப் பேணி வந்தார். களைத்துப் போயிருந்த அவருக்கு உதவுவதாக வந்து, ஏறத்தாழ ஈராண்டுக் காலம் முறையான பங்களிப்புகளால் நம்பிக்கை பெற்ற புனைபெயராளர் ஒருவர் அந்நிரலிற் கள்ளக் கதவொன்றை வைத்துவிட்டார். அன்ட்ரெஸ் பிறொயின்ட் என்னும் பொறியியலாளர் தொலைப்புகுபதிகை அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்து ஆராய்ந்திராவிடின் அது பரவியிருக்கும். பராமரிப்பாளரின் களைப்பே கள்ளனுக்கு வாயிலாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வெற்றுக் கோரிக்கை ஒவ்வொன்றும் அக்களைப்பை மிகுவிக்கின்றது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கணப்பொழுதிற் கோரிக்கைகளை எழுதித் தரும் இக்காலத்தில் இவ்வபாயம் பன்மடங்காகியுள்ளது.

தோட்டத்து மொழியிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஒரு நாளின் உழைப்புச் செக்ரோலிற் பதியப்படுவதே பேர். குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தவருக்கு அரைப்பேர்தான் விழும். நிறையை வகுக்கும் அதிகாரமும் தராசும் நிருவாகத்தின் கையிலேயே இருந்த அம்முறையின் அநீதியை எவரும் மறக்க வேண்டுவதில்லை. ஆயினும் நிறுக்கப்பட்ட கொழுந்தின்றிப் பேர் இல்லை என்பதைத் தலைமுறை தலைமுறையாய் அனுபவித்து அறிந்த சமூகம் அது. அச்சமூகத்தின் பிள்ளைகள், கொழுந்தே பறியாமற் பேர் போட்டுக்கொள்ளும் வித்தையைப் பல்கலைக்கழகத்திற் பயில வேண்டுமா என்பதே கேள்வி.

3

இனி, கொடுக்க ஒன்றுமில்லை என்னும் கூற்றை நோக்குவோம்.

இலங்கை திறந்த மூல மென்பொருளுக்குப் புதிய நாடன்று. கூகிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்திற்கு அதன் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவரை அளித்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய சில வாரங்களுக்குள் இந்நாட்டுத் தொண்டர்கள் ‘சஹானா’ என்னும் அனர்த்த நிவாரண மென்பொருளை உருவாக்கினர். நிவாரணம் என்னும் பொருள்படும் சிங்களச் சொல்லையே பெயராகக் கொண்ட அம்மென்பொருள், காணாமற்போனோரைப் பதிதல், முகாம்களை நிருவகித்தல், உதவிப் பொருள்களைக் கணக்கிடல் முதலிய பணிகளுக்கு உதவியது. 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதினை அதற்கு வழங்கியது.

இத்துணைப் பெருமையும் கொழும்பையும் அதன் அயலையும் சார்ந்தே நின்றது. அதன் மொழியும் ஆங்கிலமே. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டிலே பதுளையில் நிறுவப்பட்டது. அதன் வளாகத்தைச் சுற்றிலும் தேயிலை மலைகளும் அவற்றிடையே லயங்களும் உள. ஆயினும் ஊவா மாகாணத்தின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் மிகச் சிலவே ஆதலின், அம்மலைகளின் பிள்ளைகள் கணினிப் பட்டப்படிப்பை எட்டுவது இன்றும் அரிது. எட்டிய சிலரிடமும், “நீர் முதலில் ஆங்கிலத்தையும் நிரலாக்கத்தையும் கற்று முடியும், பங்களிப்பைப் பின்னர் பார்க்கலாம்” என்றே கூறப்படுகின்றது. அவர்கள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கின்றது என்று கேட்பார் இல்லை.

அவர்கள் கையில் இருப்பவற்றுள் முதலாவது இடத்தின் பெயர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியது. அந்நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அனர்த்தத்தின் பின்னர் காணாமற்போனோரின் தொகை முதலில் நூற்றுக்கணக்கிற் கூறப்பட்டு, பின்னர் வெகுவாகக் குறைக்கப்பட்டது. அந்த லயங்களில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை உடனடியாக உறுதியாய்க் கூற எவராலும் இயலவில்லை. வரைபடமொன்று இருந்திருந்தால் மலை சரிந்திராது என்று வாதிடுவது பேதைமை. எச்சரிக்கை கிடைத்தும் மக்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடமைத்துக் கொடுக்காதது அரசினதும் நிருவாகத்தினதும் குற்றம். ஆயினும் எந்த மலையின் அடியில் எத்தனை லயங்கள் உள, அவற்றுக்குச் செல்லும் பாதை எது, அப்பிரிவை அங்குள்ளோர் எப்பெயரால் வழங்குகின்றனர் என்பன பொதுவான ஏட்டில் இராவிடின், எத்துணைச் சிறந்த நிவாரண மென்பொருளும் வெற்றுப் படிவமே.

2004ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட ‘ஓப்பன்ஸ்ரீற்மப்’ என்னும் உலக வரைபடம் எவரும் எழுதக்கூடியது. ஒவ்வோர் இடத்துக்கும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிவாரியாகப் பெயரெழுத அதிலே தனிப் புலங்கள் உள. ஆங்கில எழுத்துகளை எழுத்துக்கெழுத்துத் தமிழாக்கும் இயந்திரம் ‘பஸ்ஸரா’ என்று எழுதுமேயன்றிப் ‘பசறை’ என்று ஒருபோதும் எழுதாது. ‘ஹபுதலே’ என்று எழுதுமேயன்றி ‘அப்புத்தளை’ என்று எழுதாது. ஊர்ப்பெயர்களாவது பத்திரிகைகளிற் கிடைக்கும். ஒரு தோட்டத்தின் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் தொழிலாளர் வைத்துள்ள பெயர்கள், நம்பர் மலைகளின் வழக்குப்பெயர்கள், கோயிலடி, பிரட்டுக்களம், கொழுந்து மடுவம் என்பன அங்கே பிறந்தவரின் வாயிலன்றி வேறெங்கும் இல்லை. வீட்டிலக்கமும் தெருப்பெயரும் இன்றித் தோட்ட அலுவலகத்தின் வழியே கடிதம் பெற்று வாழும் மக்களுக்கு, வரைபடத்தில் ஒரு பெயர் என்பது முகவரியின் தொடக்கம். நோயாளர் காவுவண்டிச் சாரதி ஒருவர் இரவிலே தேடும்போது அதன் பெறுமதி புலப்படும்.

இரண்டாவது, மொழி. கைபேசியும் உலாவியும் தமிழிலே திகதியைக் காட்டும்போது அச்சொற்களை யூனிக்கோட் கூட்டமைப்பின் பொது மொழியிடத் தரவுக் களஞ்சியத்திலிருந்தே பெறுகின்றன. அதன் பொதுத் தமிழ்ப் பட்டியலில் உள்ளவை பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர் என்னும் தமிழ்நாட்டு வழக்குகள். இலங்கைப் பாடநூல்களும் பத்திரிகைகளும் பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர் என்றே எழுதிவந்துள்ளன. தமிழ்நாட்டு வழக்கு பிழையென்பது வாதமன்று. இலங்கைத் தமிழுக்கென அக்களஞ்சியத்திலே தனிப் பிரிவு இருக்கும்போது, அப்பிரிவுக்கு உரியவர்கள் வாய்திறவாதிருப்பதே வியப்புக்குரியது. ஒரு மாணவர் சான்றுகளோடு முன்வைக்கும் இச்சிறு திருத்தம் ஏற்கப்படின், கோடிக்கணக்கான கருவிகளுக்கு அது செல்லும். அதற்கு ஒரு வரி நிரலேனும் எழுத வேண்டுவதில்லை.

மூன்றாவது, பழைய எழுத்துகள். இலங்கையிலே நெடுங்காலம் தமிழ்த் தட்டச்சு ‘பாமினி’ எழுத்துருவிலே நடைபெற்றது. ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைக்கும் முறை அது. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தோன்றும், தேடவும் இயலாது. யூனிக்கோட்டிலே தமிழ் 1991ஆம் ஆண்டு முதலே இடம்பெற்றுள்ள போதிலும், மலையகத்துப் பாடசாலை மலர்களும் தொழிற்சங்கச் சுற்றறிக்கைகளும் மன்ற அறிக்கைகளும் இப்பழைய கோப்புகளிலே முடங்கிக் கிடக்கின்றன. பாமினியிலே ‘கொ’ என்பதற்கு முதலிற் கொம்பும், பின்னர் ககரமும், அதன்பின் அரவும் தட்டப்படும். யூனிக்கோட்டிலோ ககரம் முதலில் வர, உயிர்க்குறி ஒன்றாய் அதன் பின்னர் நிற்கும். இவ்வரிசை மாற்றத்திலேதான் மாற்றி நிரல்கள் பெரும்பாலும் இடறுகின்றன. மெய்யான பழங்கோப்புகளைக் கொண்டு அவற்றைச் சோதித்து, எச்சொல் எவ்வாறு சிதைந்தது என்று துல்லியமாக எழுதி அனுப்பும் வழு அறிக்கை, நிரலெழுதும் பங்களிப்புக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. 2005ஆம் ஆண்டிலே தொடங்கி, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளின் மீதே நிற்கின்றது. திறந்த மூல மென்பொருளும் சமூக ஆவணமும் ஒன்றையொன்று தாங்குவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4

இவற்றுக்கு எழும் மறுப்புகள் மூன்று.

முதலாவது, பெயரும் சொல்லும் சேர்த்தல் கணினி விஞ்ஞானமன்று, எழுதுவினைஞர் வேலை என்பது. இம்மறுப்பைக் கூறுவோர் மென்பொருளை நிரலாக மாத்திரம் காண்கின்றனர். தரவும் ஆவணமும் சோதனையும் மொழியும் இன்றி எம்மென்பொருளும் மக்களிடம் சென்று சேர்வதில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டிலே கால்கொண்டபோது, கட்டடக் கலைஞரான இ. மயூரநாதன் அதன் இடைமுகத்தைத் தமிழாக்கும் பணியை ஏற்றுச் செய்தார். அவ்வடித்தளத்தின் மீதே பின்னர் ஆயிரக்கணக்கானோர் எழுதினர். 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்திலிருந்து தொடக்கிய மதுரைத் திட்டமும் தட்டச்சுச் செய்தோரும் மெய்ப்புப் பார்த்தோரும் கட்டியெழுப்பியதே. இவை எழுதுவினைஞர் வேலையாயின், அவ்வெழுதுவினைஞர்கள் பல துறைத் தலைவர்கள் செய்யாததைச் செய்துவிட்டார்கள் எனல் வேண்டும். மேலும், சிறு திருத்தமொன்றை முறைப்படி அனுப்புபவர் களஞ்சியத்தைப் பிரதிசெய்தல், கிளை பிரித்தல், மாற்றத்தைப் பதிதல், விமரிசனத்தை ஏற்றுத் திருத்துதல் ஆகிய அனைத்தையும் கற்றுக்கொள்கிறார். நிரலாக்கத்துக்கு அதுவே வாயில்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருவது. தோட்டத்துச் சொற்கள் கொச்சையானவை, அவற்றைக் கணினித் தமிழிற் புகுத்தலாகாது என்பர் தூய்மைவாதிகள். லயம், பிரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, செக்ரோல் என்னும் சொற்கள் ஒரு முழுச் சமூகத்தின் உழைப்பு வரலாற்றைத் தாங்கி நிற்பவை. சொற்பிழை திருத்தியொன்று இவற்றின் அடியிலே சிவப்புக் கோடிடுமாயின், பிழை சொல்லினது அன்று, திருத்தியினது. சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது, பாடியோரின் ஏட்டுக்கல்வி அங்கே அளவுகோலாகவில்லை. அப்பணியின் இன்றைய தொடர்ச்சி கணினியிலும் நிகழவேண்டியுள்ளது. மொசில்லாவின் ‘கொமன் வொய்ஸ்’ திட்டம் 2017ஆம் ஆண்டு முதல் மக்களின் குரலையே தரவாகத் திரட்டுகின்றது. தமிழும் அதில் உண்டு. மலையகத்தின் உச்சரிப்பு அதிற் சேராவிடின், நாளைய கணினி மலையகத் தாயொருத்தியின் பேச்சை விளங்கிக்கொள்ளாது. அப்போது குற்றம் அவள் நாவின் மீதே சுமத்தப்படும்.

5

மூன்றாவது மறுப்பே வலியது. அதனை இலேசாகத் தள்ளிவிடல் தகாது. 1823ஆம் ஆண்டு முதல் இருநூறாண்டுகள் குறைகூலிக்கு உழைத்த சமூகம் இது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றதாக்கப்பட்ட சமூகம் இது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021ஆம் ஆண்டிலேதான் கிட்டியது. இச்சமூகத்தின் பிள்ளைகளைப் பார்த்து, பன்னாட்டு நிறுவனங்களும் பயன்படுத்தப்போகும் மென்பொருளுக்கு இலவசமாக உழையுங்கள் என்று சொல்வது புதியதொரு கங்காணித்தனம் ஆகாதா?

இக்கேள்விக்கு உணர்ச்சியால் விடையிறுப்பதிற் பயனில்லை. உரிமத்தைக் கொண்டே விடையிறுத்தல் வேண்டும். தராசில் இட்ட கொழுந்து பறித்தவளுக்கு மீள்வதில்லை. திறந்த உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டது வழங்கியவருக்கும் அவர் சமூகத்துக்கும் உரியதாகவே இருக்கின்றது. ஆயினும் எல்லா உரிமங்களும் ஒரே தன்மையின அல்ல. குனூ பொது உரிமம், மாற்றி வெளியிடுவோரும் தம் மாற்றங்களை அதே உரிமையோடு திறந்து வைக்கவேண்டும் என விதிக்கின்றது. ஓப்பன்ஸ்ரீற்மப்பின் தரவு உரிமமும், விக்கிப்பீடியாவின் உரிமமும் இத்தகைய பகிர்வு நிபந்தனையை உடையன. கொமன் வொய்ஸ் குரற்றொகுதி வெளியிடப்படும் உரிமமோ எந்நிபந்தனையும் இன்றி அனைத்தையும் பொதுவில் விட்டுவிடுகின்றது. எந்நிறுவனமும் அதனைத் தன் வணிகத்துக்குப் பயன்படுத்தலாம். அதற்காக அங்கே குரல் கொடுத்தலாகாது என்பதன்று. கொடுப்பவர் அறிந்து கொடுத்தல் வேண்டும். எதனை, யாருக்கு, எந்நிபந்தனையிற் கொடுக்கிறோம் என்று கேளாமற் கொடுக்கும் பழக்கம் மலையகத்துக்குப் போதிய கேட்டினை விளைத்துவிட்டது. ஆகவே முதற் பங்களிப்பைச் செய்யப்போகும் மாணவர் முதலிற் படிக்கவேண்டியது உரிமக் கோப்பையே.

உழைப்பின் செலவை யார் ஏற்பது என்பது எஞ்சியுள்ளது. 2021ஆம் ஆண்டிலே பெருந்தொற்றின்போது பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவைக் கிராமத்து ஆசிரியரும் மாணவரும் காட்டினூடே நடந்து பாறையேறி இணையத் தொடர்பு தேடியமை உலகச் செய்தியாயிற்று. அம்மாவட்டத்திலே மடிக்கணினியும் தரவுக் கட்டணமும் மாணவரின் தனிப் பொறுப்பு என்று விட்டுவிட்டுப் பங்களிப்பைப் பற்றி மேடையிற் பேசுவது நேர்மையாகாது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு ஓய்வு நேரம் உண்டு. விடுமுறையிலே வீடு சென்று தாயோடு கொழுந்தெடுக்கும் பிள்ளைக்கு அது இல்லை. ஓய்வு நேரத்திற் செய்யப்படுவதே பங்களிப்பு என்று வகுத்துவிட்டு, பின்னர் பங்களிப்பை அளவுகோலாக வைத்து வேலைக்கு ஆள் தெரியும் முறை, திறமையின் பெயரால் வர்க்கத்தைத் தெரிவதேயாகும்.

6

எனவே கோரப்படவேண்டியவை சில உள.

பல்கலைக்கழகக் கணினித் துறைகள், ஏற்றுக்கொள்ளப்பட்ட திறந்த மூலப் பங்களிப்பைப் பாடநெறியின் பகுதியாக மதித்துப் புள்ளி வழங்குதல் வேண்டும். எண்ணிக்கை அங்கே அளவாகலாகாது. குறை எவ்வாறு கண்டறியப்பட்டது, பராமரிப்பாளரோடு எவ்வாறு உரையாடப்பட்டது, அதனால் யார் பயனடைந்தனர் என்பனவே மதிப்பிடப்படுதல் வேண்டும். நிராகரிக்கப்பட்டதாயினும் நேர்மையாய் ஆராய்ந்து எழுதப்பட்ட வழு அறிக்கைக்கு மதிப்பு உண்டு. ஏற்கப்பட்ட வெற்றுக் காற்புள்ளிக்கு இல்லை. ஆய்வுகூடங்கள் மாலையிலும் விடுமுறையிலும் திறந்திருத்தல் வேண்டும். ஊதியத்தோடு கூடிய திட்டங்களுக்கு விண்ணப்பிக்கத் தோட்டப்புற மாணவருக்கே முதலில் வழிகாட்டப்படுதல் வேண்டும்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதிற் பங்குண்டு. ஆண்டுதோறும் முத்தமிழ் விழா எடுக்கும் சங்கங்கள், ஆண்டிலே ஒரு வாரத்தையேனும் ஒரு தோட்டத்தின் பெயர்களைத் திரட்டுவதற்கு ஒதுக்கலாம். கணினி மாணவரும் தமிழ் மாணவரும் புவியியல் மாணவரும் ஒருங்கே அமர்ந்து செய்யத்தக்க வேலை அது. பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் பல இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அப்பிரகடனம் காகிதத்தோடு நின்றுவிடாதிருக்க வேண்டுமாயின், இடங்களின் தமிழ்ப்பெயர்கள் ஒழுங்காக எழுதப்பட்ட பொதுத்தரவு வேண்டும். சிங்களப் பெயரை நீக்கித் தமிழ்ப்பெயரை வைப்பது இதன் நோக்கமன்று. ஒவ்வொரு மொழிக்கும் தனிப் புலம் இருக்கின்றது, போட்டிக்கு அங்கே இடமில்லை.

அவ்வாறு இறங்குவோர் சில ஒழுக்கங்களைப் பேணுதல் அவசியம். திட்டத்தின் பங்களிப்பு விதிகளை முழுமையாகப் படித்தல் வேண்டும். வணிக வரைபடங்களிலிருந்து பெயர்களைப் படியெடுத்தல் கூடாது. நேரில் நடந்தும் முதியோரிடம் கேட்டும் அறிந்தவற்றையே எழுதல் வேண்டும். ஓரிடத்துக்கு இரு வழக்குகள் இருப்பின் இரண்டையும் பதிதல் வேண்டும். லயம் எங்கே உளது என்பது பொதுத்தரவு. அதில் வாழ்வோரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஒருபோதும் பொதுத்தரவு ஆகா. திருத்தம் மறுக்கப்பட்டால் சினவாது காரணத்தைக் கேட்டல் வேண்டும். ஏற்கப்பட்டால் இரண்டாவதைச் செய்தல் வேண்டும். முதற் பங்களிப்போடு ஓய்ந்துவிடுவோர் நிறைந்த உலகிலே, இரண்டாவதையும் மூன்றாவதையும் செய்பவரே பராமரிப்பாளர் ஆகின்றார்.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். மலையகத்தைப் பற்றிய பதிவுகள் நெடுங்காலம் பிறராலேயே எழுதப்பட்டன. துரைமாரின் நிலப்படங்களிலே தேயிலை நிலத்தின் பரப்பு இருந்தது. அங்கு வாழ்ந்தோர் அந்நிலத்துக்கு இட்ட பெயர் இருக்கவில்லை. குடிசன மதிப்பீட்டிலே தலைகள் எண்ணப்பட்டன. அத்தலைகளுக்குள் இருந்த சொற்கள் எண்ணப்படவில்லை. இன்று எழுதுகோல் அனைவருக்கும் பொதுவாய்க் கிடக்கின்றது. அதனை எடுத்துத் தம் பெயரை மாத்திரம் எழுதிவிட்டு எழுந்து செல்வதா, தம் ஊரின் பெயரை எழுதுவதா என்பதை ஊவாவின் மாணவர் தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானத்துக்கு வேண்டிய நேரத்தையும் கருவியையும் மதிப்பையும் அளிக்கத் தவறும் பல்கலைக்கழகம், அரைப்பேருக்கும் தகுதியற்றது.